ரெண்டு கதவுக் காரு

பின்சீட்டுல மனுசன் உக்கார முடியாதுன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமாக்கும், அது தெரிஞ்சுதானே கண்ணு இந்தக் காரையே வாங்கினேன்னு மகள் மேகலாகிட்டச் சொல்ல வந்த பேச்சு சம்பூரணத்துக்கு நுனிநாக்கு வரைக்கும் வந்துருச்சு. வந்ததை முழுங்கிட்டு, சரி வெச்சர்றேன், உங்கப்பா கெளம்பிட்டாருன்னு போனை வெச்சா. அவரு எங்க கெளம்பினாரு. உள்ள கண்ணாடி முன்னாடி நின்னு மீசைக்குச் சீப்புப் போட்டுட்டு இருக்கறாரு ஆறுச்சாமி. பக்கத்துல அவரோட அக்கா தைலாத்தாள் பூவை ஈரத்துணியில சுத்திட்டு இருப்பா. இவ மட்டும் வெள்ளனே எந்திரிச்சுக் குளிச்சு, புளிச்சோறு கட்டி, தூக்குப்போசியை வாசப்படியில கொண்டாந்து வெச்சுட்டு, போர்ட்டிகோவுல நிக்கற புதுக் காருக்குள்ள ஏறி ஸ்டியரிங்கைப் புடிச்சு உக்காந்தாச்சு. பொத்தானை அமுக்கியாச்சு. வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுன்னு பச்சையா ஒரு எழுத்து எரியுது, சத்தம் மட்டும் கெடையாது. பேட்டரியில நிக்குதாம், வேகம் புடிச்சாத்தான் பெட்ரோல் எஞ்சினு முழிச்சுக்குமாம். ஏசிக் காத்து முட்டியில சில்லுன்னு அடிக்குது, அந்த முட்டிதான் மழைக்கு முன்னாடி வலிக்கற முட்டி. மேகலா என்னமோ பெரிசாக் கண்டுபுடிச்சவளாட்டம் பேசறா. அறுபது தாண்டினவளுக்கு எதுக்கும்மா ஸ்போர்ட்ஸ் காரு, அதும் பெட்ரோலா கரண்டான்னு தெரியாத காரு, விலை கம்மின்னா எங்கியோ ஒரு பக்கம் கை வெச்சிருப்பான் பாத்துக்கோன்னு. அவங்கப்பனும் அதையேதான் சொன்னாரு. ரெண்டுங்கெட்டான், ஏழைக்கேத்த எள்ளுருண்டை, வண்டின்னா உறுமோணும், இது என்ன பூனையாட்டம். பம்புசெட்டுக்கு லேத்து ஓட்டின மனுசன், எஞ்சின் சத்தத்தைக் காதுல கேட்டே என்ன நோவுன்னு சொல்லுவேம்பாரு, சத்தமே இல்லாததுல அவரு எதைக் கேக்கறது. சொல்லிட்டுப் போகட்டும். யூடியூப்புல சொல்லாததையா இவங்க சொல்லிட்டாங்க. மத்தியானம் மத்தியானம் எல்லாத்தையும் பாத்துட்டா சம்பூரணம். இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டியான்னு ஒருத்தன் குதிப்பான், கருப்புக் கண்ணாடி போட்ட இன்னொருத்தன் தேங்காயைத் தட்டிப் பாக்கற மாதிரி டேஷ்போர்டைத் தட்டிப் பாத்துட்டு, பட்டுச் சேலைக்குக் கோணிச்சாக்கு முந்தானைம்பான். எட்டு வருசம் கழிச்சு பேட்டரி என்ன ஆவும்னு ஒருத்தனுக்குக் கவலை. எட்டு வருசம் கழிச்சு நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது, போடா. இப்படிப் பாத்துட்டே வரும்போதுதான் அந்த ஒசரக்காரன் வந்தான். ரெண்டே கதவு, பின்னாடி ஏறோணும்னா முன்சீட்டை மடக்கிட்டு நுழையோணும்னு சொல்லி, அவனே குடையை மடக்கற மாதிரித் தன்னை மடக்கி உள்ள போனான். முட்டி தாடைக்கு வந்துருச்சு, தலை கூரையில இடிக்குது, மூஞ்சிக்கு நேரா முன்சீட்டு முதுகு. இது சீட்டு இல்லைங்க, இது தண்டனைன்னான். சம்பூரணம் கையில இருந்த காப்பி ஆறிப்போச்சு. திருப்பித் திருப்பி அந்த எடத்தையே வெச்சுப் பாத்தா. எல்லாரும் குத்தஞ்சொல்ற எடத்துலதான் அவளுக்கு அந்தக் காரு மேல ஆசை விழுந்துச்சு. இதுக்குள்ளதான் நங்கையாளை உக்கார வெக்கோணும்.

நங்கையான்னா புருசனோட அக்கா, அந்தத் தைலாத்தாள்தான். அவளுக்குப் பின்னாடி உக்காந்தா வாந்தி வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே சம்பூரணம் கேட்ட மொதப் பேச்சு அது. தாலி கட்டினவளைக் கூட்டிட்டு வந்த காருலயே நங்கையா முன்னாடி, வண்டி ஓட்டற மாப்பிள்ளை பக்கத்துல, பொண்ணு பின்னாடி. அந்தக் காலத்துப் பியட்டுல முன்சீட்டு பெஞ்சு மாதிரி நீளமா இருக்கும், தாராளமா மூணு பேரு உக்காரலாம். உக்காந்தாங்க. இவரு ஒண்ணு, அவ ஒண்ணு, நடுவுல அவளோட கைப்பை ஒண்ணு. அந்தப் பை கருப்பு நெறம், பித்தளைக் கொக்கி வெச்சது. இன்னைக்கும் கண்ண மூடினா அந்தக் கொக்கி மினுக்கறது தெரியுது. பையை எடுத்து மடியில வெச்சிருந்தா இவளுக்கு எடம் இருந்திருக்கும், ஆனா பையை யாரு எடுக்கறது. பின்னாடி சம்பூரணம், நங்கையாளோட ரெண்டு குழந்தைங்க, அதுல ஒண்ணு மடியில, காலுக்குக் கீழ தூக்குப்போசி. ஒரு குடும்பத்தை முன்னாடி இருந்து பாக்கறவங்க இருப்பாங்க, இவ பின்னந்தலையைப் பாத்தே குடும்பம் நடத்தினவ. அவரு பொடனியில முடி நரைச்சதும் நங்கையா கொண்டையில ஊசி மாறினதும் இவளுக்குத்தான் மொதல்ல தெரியும். அந்தத் தலைங்க ரெண்டும் பேசிக்கும், சிரிச்சுக்கும், காத்துல பாதிப் பேச்சு பின்னாடி வராது. என்னங்கன்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பாரு. முன்கண்ணாடியில ஒரு தரம் பாத்திருந்தா இவ மூஞ்சி தெரிஞ்சிருக்கும். அவரு அந்தக் கண்ணாடியில பாத்ததெல்லாம் பின்னாடி வர்ற லாரியைத்தான். அப்புறம் அந்த வால்பாறை. நெனைக்க வேண்டாம்னு நெனைச்சாலும் அந்த ரோடு தானா வந்துருது, ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பிச்சா நாப்பது வளைவு. சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் காதுகுத்து, போறபோது மேகலா வயித்துல அஞ்சு மாசம். மூணாவது வளைவுலயே இவளுக்குத் தொண்டைக்கு வந்துருச்சு. ஏனுங்க, கொஞ்சம் நிறுத்துங்கன்னா. ஏத்தத்துல நிறுத்தினா வேகம் போயிரும், வாயைப் பொத்திட்டு இருன்னாரு. ஜன்னல் பக்கம் குழந்தைங்க, மடியிலயும் ஒண்ணு தூங்குது. எங்க போறது. தூக்குப்போசி மூடியைத் தொறந்தா, அவ்வளவுதான், அத்தனை பேருக்குக் கட்டின கட்டுச்சோறு மேலயே. முன்னாடி இருந்த ரெண்டு தலையும் அப்பத்தான் திரும்புச்சு. நங்கையா மூக்கைப் பொத்திட்டு, சொல்லியிருந்தா முன்னாடி உக்காந்திருக்கலாமில்ல அம்மிணி, வாயில்லையா உனக்குன்னா. மேல போயிச் சேர்ற வரைக்கும் குழந்தைங்க பசியில அழுதுச்சு, அதுக்கும் இவதான் காரணம். அதோட விட்டாங்களா. சம்பூரணம் போசியில வாந்தி எடுத்த கதைன்னு அது பேரே ஆயிருச்சு. எந்தக் கல்யாணத்துல ரெண்டு பேரு சேந்து உக்காந்தாலும் நங்கையா ஆரம்பிப்பா, அந்த மூடியை இவ எப்படித் தொறந்தான்னு கையை வெச்சுக் காட்டுவா, கடைசி வரியை அவரு எடுத்துக் குடுப்பாரு, ஏனப்பா புளிச்சோறு இன்னும் புளிச்சுப்போச்சுன்னு. எல்லாரும் சிரிப்பாங்க. சம்பூரணமும் சிரிப்பா. சிரிக்கலைன்னா கோவக்காரின்னு பேரு வந்துரும்.

கோவம் எங்கயும் போகாது, இந்தக் காரு சொல்லிக் குடுத்த பாடமே அதுதான். ஷோரூம்ல அந்தச் சின்னப் பொண்ணு விளக்கினா, பிரேக்கை அமுக்க அமுக்க அந்த வேகம் வீணாப் போகாது மேடம், பேட்டரிக்குள்ள போயிச் சேந்துக்கும், அப்புறம் வேணுங்கறபோது எடுத்துக்கலாம்னு. ஆறுச்சாமி உதட்டைச் சுழிச்சாரு. சம்பூரணத்துக்கு அதுல விளக்கறதுக்கு என்ன இருக்குதுன்னு இருந்துச்சு. இவ அமுக்காத பிரேக்கா. கார் ஓட்டக் கத்துக்கறேன்னு கேட்டப்ப, உனக்கு எதுக்கு, நான் இருக்கறனில்லன்னு ஒரே வார்த்தையில முடிச்சாரு. அப்புறம் இவ திருப்புகழ் வகுப்புக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனா. ஒரு கார்த்திகைக்கு ஒறம்பரை முன்னாடி, எங்க, கத்துக்கிட்டதுல ஒண்ணு பாடுன்னுட்டாரு. ஒரு வரி பாடி இருமிட்டா. இருமல் மூணு நாள் இருந்துச்சு, நடிக்க ஆரம்பிச்சது நெசமாவே புடிச்சுக்கிச்சு. லைசென்சு அரிசி டப்பாவுக்குள்ள கெடந்துச்சு. அப்புறம் சர்க்கரை அவரு கண்ணுக்கு ஏறி, இனி ஸ்டியரிங் புடிக்காதீங்கன்னு டாக்டரு சொன்னப்பத்தான் வெளிய எடுத்தா. அப்பவும் அவரு ஏறலை. பொம்பளை ஓட்டற வண்டியில உக்காந்து என் உசுரை விடமாட்டேன்னு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டாரு. டிரைவருக்கு வழி சொல்லோணும்னு அவரு முன்னாடி, பொம்பளைங்க ரெண்டு பேரும் பின்னாடி. பழனிக்கு அப்படித்தான் போனாங்க. போற வழியெல்லாம் நங்கையா பின்னாடி உக்காந்து வெத்தலை போட்டா, முறுக்குத் தின்னா, உடுமலை தாண்டறபோது வாயைத் தொறந்து தூங்கினா. வாந்தி வரலை. சம்பூரணம் அவ வாயையே பாத்துட்டு வந்தா. அத்தனை வருசத்து வாந்தி எங்க போச்சு. திரும்பி வர்றபோதும் வரலை. அன்னைக்கு ராத்திரி இவளுக்குச் சோறு எறங்கலை, தண்ணி எறங்கலை. பொய். ஒரு ஜன்னல் காத்துக்காகச் சொன்ன பொய், அதுக்கு இவ போசியில வாந்தி எடுத்தவளா ஆனா. இவளை ஒரு நாளு மடக்கிப் பின்னாடி உக்கார வெக்கோணும்னு அன்னைக்கு மனசுல விழுந்தது. அப்புறம் அப்பன் வீட்டுப் பங்கு வந்துச்சு, ஒசரக்காரன் வந்தான், காரு வந்துச்சு. மொத ஓட்டம் காங்கேயம் தாண்டி கொலசாமி கோயிலுக்கு, வெளியாள் கை ஸ்டியரிங்குல படக்கூடாதுன்னு விதி போட்டது ஆறுச்சாமிதான். அந்த விதியிலயே அவரு மாட்டிக்கிட்டாரு, ஓட்ட இவளைத் தவிர ஆளில்லை. நல்லதுன்னுட்டா. அவரு முன்னாடி உக்காரட்டும். நங்கையா பின்னாடி. ரெண்டு மணி நேர ரோடு. முன்சீட்டை மடக்கிப் புடிச்சுட்டு, ஏறுங்க நங்கையா, உங்களுக்கென்ன, ஒடம்பு நல்லாத்தானே இருக்குதுன்னு சொல்லோணும். அந்த வரியை சமையக்கட்டுல எத்தனை தரம் சொல்லிப் பாத்திருப்பா, குக்கர் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. ஆனா அங்கதான் ஒரு முள்ளு. அன்னூர்ப் பெரியம்மா கதை ஞாபகம் வருது. பெரியம்மாளுக்கு ஒரு கல்யாணப் பந்தியில சம்பந்தி முறைக்காரரு ஒருத்தரு கிழிஞ்ச இலையைப் போட வெச்சாருன்னு வன்மம். அந்த வன்மத்தைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்து, தன் பேத்தி சீருக்கு அவரு வந்தப்ப, தேடிப் புடிச்சு நட்டநடுவுல கிழிஞ்ச இலையா எடுத்து, தானே கையால அவரு முன்னாடி விரிச்சா. அவரு உக்காந்தாரு, ரசம் கிழிசல் வழியா வேட்டியில ஒழுகுச்சு, துண்டால தொடைச்சுட்டுப் பாயசம் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சுட்டு, அம்மிணி உன் வீட்டுச் சாப்பாடு சாப்பாடுதான்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. இலையை அவரு பாக்கவேயில்லை. அதுக்கப்புறம் பெரியம்மா யாரு வீட்டுப் பந்திக்கும் போகலை. இதும் அந்த மாதிரி ஆயிருச்சுன்னா. நங்கையா பின்னாடி ஏறி, நல்லாத்தான் இருக்குது அம்மிணி, தொட்டிலாட்டம்னு தூங்கிட்டான்னா. இவ நெஞ்சுக்குள்ள இத்தனை வருசம் சேத்து வெச்சதை எங்க கொண்டு போயிக் கொட்டறது.

வரட்டும், வண்டியை ஒரு மொழம் பின்னாடி எடுத்து நிறுத்தினா கதவைத் தாராளமாத் தொறக்கலாம்னு, வலது காலை பிரேக்குல வெச்சு அமுக்கிட்டு பின்னாடி போற கியருக்கு மாத்தினா. உடனே முன்னால திரை வெளிச்சமாச்சு, பின்பக்கம் அப்படியே தெரியுது, பச்சையும் மஞ்சளும் செவப்புமாக் கோடு. இந்தத் திரை மேல இவளுக்கு ஒரு தனிப் பிரியம். பின்னாடி இருக்கறதைப் பாக்கறதுக்குன்னே ஒருத்தன் கண்ணு வெச்சுக் குடுத்திருக்கானே. கேட்டு தெரியுது, செம்பருத்திச் செடி தெரியுது, அப்புறம் ஒரு சேலை தெரியுது. செவப்புக் கோட்டுக்கு உள்ள, வெங்காயச் சருகு நெறத்துச் சேலை, குனிஞ்ச முதுகு. உள்ள டீங் டீங்னு விடாம அடிக்குது. நங்கையா. வண்டிக்குப் பின்னாடி குத்தவெச்சு உக்காந்து சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுட்டு இருக்கறா. புதுவண்டிக்கு நாலு சக்கரத்துலயும் வெச்சு ஏத்தி நசுக்கோணுமில்ல, அது இந்த வீட்டுல எப்பவும் அவ கை வேலை. சத்தம் இல்லையே, வண்டி ஆஃப்ல இருக்குதுன்னு நெனைச்சுட்டா. இவ காலு பிரேக்குல. அந்தக் காலை எடுத்தாப் போதும். மிதிக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், எடுத்தாப் போதும், வண்டி தானா ஊரும். அந்த நெனைப்பு வந்துச்சு. வரலைன்னு சொன்னா அது பொய்யி. கைப்பையோட பித்தளைக் கொக்கி மினுக்குச்சு, வளைவு வளைவா ரோடு போச்சு, பந்தல்ல சிரிச்ச சத்தம் கேட்டுச்சு, பாவம் வயசானவ, புதுவண்டி, சத்தமே வராதுங்க, யாரு என்ன பண்றதுன்னு ஊரு பேசறதும் கேட்டுச்சு, எல்லாம் ஒரே மூச்சுல. முட்டி நடுங்க ஆரம்பிச்சுது. ஐயோ, இது நானா எடுக்கலை, இந்த முட்டி எடுத்துரும், மழைக்கு முன்னாடி வலிக்கற முட்டி, இதுக்கு என் பேச்சுக் கேக்காது. நிறுத்தற பொத்தான் எங்க. இங்கதானே இருந்துச்சு. அந்தப் பொண்ணு காட்டினாளே. திரையில நங்கையா உருளற பழத்துக்கு ஒரு கூழாங்கல்லை அண்டை குடுக்கறா, பழம் திருப்பி உருளுது, திருப்பி வெக்கறா, கை நீளமா உள்ள போகுது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல விரலு. பொடனியில அந்தக் கொண்டை இல்லை இப்ப, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. அந்தத் தலையை இவளைவிட யாரு பாத்திருக்கறா. அப்பத்தான் படியில நின்ன ஆறுச்சாமி குரலு, ஒரு விரல்கடை எறங்கியிருந்த கண்ணாடி வழியா உள்ள வந்துச்சு.

"வண்டி ஆஃப்லதான் இருக்குது அக்கா, எஞ்சின் ஓடினா எனக்குத் தெரியாதா. நல்லா உள்ள தள்ளி வை."

பொத்தான் கெடைச்சுது. அமுக்கினா. கைப்பிரேக்கையும் போட்டா. திரை அணைஞ்சு கருப்பாச்சு, அந்தக் கருப்புல இவ மூஞ்சி தெரிஞ்சுது, வேர்த்துப்போயி.  எஞ்சின் ஓடினா எனக்குத் தெரியாதா. தெரியாது. இத்தனை வருசத்துல என்ன ஓடுச்சுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது. மூணாவது வளைவுல ஓடுனது தெரிஞ்சுதா, அரிசி டப்பாவுக்குள்ள ஓடுனது தெரிஞ்சுதா, இப்ப இங்க உக்காந்து ஓடுனது தெரிஞ்சுதா. நல்லா உள்ள தள்ளி வைங்கறான் மனுசன், கூடப்பொறந்தவ கையை. முன்சீட்டு அவளுக்கு எங்கிருந்து வந்துச்சு. வாந்தி வரும்னு அவ கேட்டா, சரி. கதவைத் தொறந்து விட்டது யாரு. பையை எடுத்து மடியில வை அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லாதவன் யாரு. கடைசி வரியை எடுத்துக் குடுத்தது யாரு. சம்பூரணத்துக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ கழண்டு வேற பக்கமாத் திரும்பின மாதிரி இருந்துச்சு, கோவம் கொறையலை, ஒரு துளி கொறையலை, எடம் மட்டும் மாறுச்சு. இத்தனை வருசமா எதிர்வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கறோம். நங்கையா நாலு பழமும் வெச்சு முடிச்சுட்டு, கையைச் சேலையில தொடைச்சுட்டு எடது பக்கக் கதவுகிட்ட வந்து நின்னா. கதவைத் தொறந்தாரு ஆறுச்சாமி. முன்சீட்டைத் தட்டிப் பாத்தாரு, விசை எங்கன்னு தெரியாமத் தடவினாரு, இவ இங்க இருந்து எட்டி இழுத்து மடக்கி விட்டா. பின்னாடி இருக்கற அந்தச் சந்து தெரிஞ்சுது. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பாத்தாங்க. இதுல மனுசன் உக்காருவானான்னாரு.  அப்புறம் அவரே, எப்பவும் சொல்றவராட்டம், அக்கா, நீ பின்னாடி ஏறிக்க, இவளுக்கு நான் முன்னாடி இருந்து வழி சொல்லோணும்னாரு. சம்பூரணம் சமையக்கட்டுல சொல்லிச் சொல்லிப் பழகின வரி, இவ வாயைத் தொறக்காமயே நடந்துருச்சு.  நங்கையா அந்த இடுக்கையும் தம்பியையும் மாத்தி மாத்திப் பாத்தா, எனக்குப் பின்னாடின்னு ஆரம்பிச்சா, பழனி ஞாபகம் வந்திருக்கும், நிறுத்திட்டா. சேலையைக் கொஞ்சம் தூக்கி ஒரு காலை உள்ள வெக்கப் போனா.

"நங்கையா முன்னாடிதான் உக்காருவாங்க," சம்பூரணம் கண்ணாடியைச் சரிபண்ணிட்டே சொன்னா. "பின்னாடி உக்காந்தா அவங்களுக்கு வாந்தி வருமுங்க."

உள்ள வெக்கப் போன காலு அப்படியே நின்னுச்சு. நங்கையா குனிஞ்சு இவ மூஞ்சியைப் பாத்தா. சம்பூரணமும் பாத்தா. தெரியும்னு தெரிஞ்சு போச்சு, ரெண்டு பேருக்கும். நங்கையா கண்ணு மொதல்ல எறங்குச்சு. அதைப் பாத்துட்டுத்தான் சம்பூரணம் பார்வையை எடுத்தா, இதை விடப் போறதில்லை, இது தனிக் கணக்கு, காங்கேயம் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துட்டு வரட்டும், அந்த முன்சீட்டு இன்னைக்கு முள்ளா இருக்கும் அவளுக்கு. நங்கையா ஒதுங்கி நின்னு கதவைப் புடிச்சுக்கிட்டா. ஏறுடா ஆறு, வெயில் ஏறுதுன்னா, கொரலு என்னமோ மாதிரி இருந்துச்சு, சிரிப்பா வேற எதாவதான்னு தெரியலை. அப்ப நான் வழி எப்படிச் சொல்றதுன்னாரு அவரு. பின்னாடி இருந்தே சொல்லுங்க, சத்தமில்லாத வண்டி, நல்லாக் கேக்கும்னா சம்பூரணம். வேட்டியை மடிச்சுக் கட்டினாரு, அவிழ்த்தாரு, மறுபடியும் கட்டினாரு. எதிர்வீட்டு வாசல்ல கோலத்துக்குத் தண்ணி தெளிச்சவ கையை நிறுத்திட்டுப் பாக்கறா. தலையைக் குடுத்தாரு, இடிச்சுது. காலைக் குடுத்தாரு, மாட்டுச்சு. பாதி உள்ள, பாதி வெளிய நின்னவரைப் பாத்து, முன்கண்ணாடியை அவரு மூஞ்சி தெரியற மாதிரி ஒரு இழை திருப்பி வெச்சா. இந்த ரோட்டுல வளைவு இல்லைன்னுதான் வருத்தம். காங்கேயம் போற வழியில ஏத்தம்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. இருக்கட்டும், அதுல நிறுத்தமாட்டா.

"ஏனுங்க, படியில தூக்குப்போசி நிக்குது பாருங்க. அதை எடுத்து மடியில வெச்சுட்டு உள்ள வாங்க. மூடி சரியா நிக்காது, கையாலயே புடிச்சுட்டு உக்காருங்க."